சொந்தமா கட்டுன கேட்டமரானுக்கு உள்வேலை: ஃப்ளாட் மாதிரி நினைச்சு ஆரம்பிக்காதீங்க

ஹல், அதாவது தண்ணில மிதக்குற உடம்பு, ரெண்டும் ரெடி, மேல டெக் மூடியாச்சு, வெளிய பெயிண்ட் ஒரு கோட் அடிச்சாச்சு, இனிமே உள்ள நாலு கட்டிலும் ஒரு அடுப்பும் போட்டா குடி போயிடலாம்னு நினைச்சுட்டு இருக்கீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். மும்பைக்கு எதிர்க்கரைல உரண் பக்கம் ஒரு தகர ஷெட்ல 3 வருஷம் ஹல் கட்டுனோம், உள்வேலை அதுக்கப்புறம் இன்னொரு 2 வருஷம் இழுத்துச்சு, அதுலயும் அஞ்சு மாசம் போட்டதைப் பிரிச்சு வெளிய எடுக்குறதுலயே போச்சு. அந்த அஞ்சு மாசம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதுறேன்.

என்ன நடந்துச்சுன்னா, செம்பூர்ல எங்க ஃப்ளாட்டுக்கு வேலை பார்த்த தச்சு மிஸ்திரியையே ஷெட்டுக்கு கூட்டிட்டுப் போனேன். நல்ல கைவேலைக்காரர், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அவருக்கு பிளைவுட்னா 18 எம்எம், அது மேல ரெண்டு பக்கமும் சன்மைக்கா, "மஜ்பூத் சாஹியே நா சாப்", ஸ்ட்ராங்கா இருக்கணும்ல சார்னு ஒரே பேச்சு. இடது ஹல்ல கிச்சனும் ஒரு பெட்டும் முடிஞ்சப்போ பார்க்க ஜம்முனு இருந்துச்சு. ஒரு நாள் சும்மா கணக்கு போட்டுப் பார்த்தேன், 9 ஷீட் உள்ள போயிருக்கு, ஷீட் ஒண்ணு எங்க தராசுல 38 கிலோ, சன்மைக்காவோட சேர்த்தா 400 கிலோ கிட்ட வருது. இன்னும் தண்ணி டேங்க், பேட்டரி, நங்கூரச் சங்கிலி, மனுஷங்க யாரும் ஏறவே இல்ல.

நம்ம ஊர் கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது பாருங்க, மரத்தைச் சேர்த்துக் கட்டுனா முடிஞ்சது, அதுக்கு உள்பக்கம்னு ஒண்ணே இல்ல. பேரை மட்டும் வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போய் வேற போட்டுக்கு வெச்சுட்டான், உள்வேலை செலவு நம்ம தலைல.

ஏன் எடைக்கு இவ்ளோ அலட்டிக்கணும்னு கேப்பீங்க. ஒரு ஹல் இருக்குற சாதா பாய்மர போட்டுக்கு அடில ஈயமோ இரும்போ டன் கணக்குல இருக்கும், அது கொஞ்சம் கூடுதல் எடையைத் தாங்கிக்கும். கேட்டமரான் ஒல்லியான ரெண்டு ஹல் மேல நிக்குது. கணக்கு ரொம்ப சிம்பிள். தண்ணிக்கோட்டுல, அதாவது தண்ணி மட்டம் ஹல்லைத் தொடுற இடத்துல, ஹல் நீளம் 10 மீட்டர், அகலம் 1 மீட்டர்னு வெச்சுக்கோங்க, முன்னும் பின்னும் கூர்மையா இருக்குறதால அதுல ஒரு 70 சதவீதம்தான் நிஜமான பரப்பு, ஆக ரெண்டு ஹல்லுக்கும் சேர்த்து 14 சதுர மீட்டர். கடல் தண்ணி கன மீட்டருக்கு 1025 கிலோ. அப்போ போட் 1 சென்டிமீட்டர் இறங்க 143 கிலோ போதும். 400 கிலோ கூடுதலா ஏத்துனா கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர், இது எடை நடுவுல இருந்தா. ஒரே பக்கமோ ஒரே முனையோ இருந்தா அந்தப் பக்கம் இன்னும் அதிகமா முங்கும். ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல இருக்குற பிரிட்ஜ்டெக் தண்ணிக்கு எவ்ளோ மேல நிக்குதோ அதைப் பொறுத்துதான் அலை அடில வந்து மோதுறது, இறங்க இறங்க அடி கூடும், ராத்திரி தூங்கும்போது யாரோ தரைக்கு அடில இருந்து சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, வேலைக்கு வரலாம்.

முதல்ல போட்டை மட்டமாக்குங்க

ஷெட்ல போட் நிக்குறது ஏதோ ஒரு கோணத்துலதான் இருக்கும், கட்டை குடுத்து நிறுத்தும்போது யாரும் மில்லிமீட்டர் பார்க்குறதில்ல. ஆனா உள்ள அலமாரி, பெட், கிச்சன் மேடை எல்லாம் தண்ணில மிதக்கும்போது மட்டமா இருக்கணும், ஷெட்ல இல்ல. அதனால டிசைன்ல குடுத்திருக்குற தண்ணிக்கோட்டை ஹல்லுக்கு வெளிய நாலு முனைலயும் குறிச்சுட்டு, கொத்தனாருங்க வெச்சிருப்பாங்கல்ல டியூப் லெவல், தண்ணி நிரப்புன அந்த நீள டியூப், அதை வெச்சு நாலு குறியும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஜாக்கி போட்டு ஏத்தி இறக்குங்க. அதுக்கப்புறம் உள்ள ரெண்டு ஹல்லுலயும் நீளவாக்குல நடுக்கோடு ஒரு நூல் கட்டிடுங்க. இது நடந்தாத்தான் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நம்ப முடியும். மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க, ஷெட் தரை மண்ணா இருந்தா கட்டை இறங்கியிருக்கும். எங்களுக்கு ஒரு சீசன்ல 14 எம்எம் இறங்கியிருந்துச்சு.

அட்டைல முழு வீடும் கட்டிப் பாருங்க

பேப்பர்ல வரைஞ்ச பிளானை நம்பி பிளைவுட்டை வெட்டாதீங்க. தாராவி 13வது காம்பவுண்ட் பக்கம் போனா பழைய அட்டைப் பெட்டி கிலோ கணக்குல கிடைக்கும், ஒரு டெம்போ நிறைய எடுத்துட்டு வந்து டேப் போட்டு பெட், சீட், கிச்சன் மேடை, டாய்லெட் எல்லாத்தையும் ஃபுல் சைஸ்ல உள்ளயே கட்டுங்க. அப்புறம் ரெண்டு ஞாயித்துக்கிழமை வீட்டாளுங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் அதுக்குள்ளயே இருக்க விடுங்க, சாப்பிட, படுக்க, சட்டை மாத்த, எல்லாம்.

இதுல மும்பைக்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. தாராவில 10க்கு 12 அடி கோலில, அதாவது ஒத்தை ரூம்ல, ஆறு பேரு வளர்ந்த குடும்பம் எங்களோடது, சின்ன இடத்துல எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. மேல மாலான்னு ஒரு பரண், கட்டிலுக்கு அடில ட்ரங்க் பெட்டி, மூலைல குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரே மோரி. போட்டு டிசைன் புக்ல "ஒரே இடத்துக்கு ரெண்டு உபயோகம்"னு பெருசா சொல்றதெல்லாம் எங்க அம்மா 1980கள்ல தினமும் பண்ணது. அட்டை கிச்சன்ல அவங்களை நிக்க வெச்சா ரெண்டே நிமிஷத்துல மூணு தப்பு சொன்னாங்க: மேடைக்கு அடில கால் விரல் போக இடமில்லாததால எட்டி எட்டித்தான் நிக்கணும், மசாலா டப்பாவுக்கு கை நீட்டுனா அடுப்பைத் தாண்டணும், சிங்க்ல குக்கர் படுக்காது. மூணும் கரெக்ட்.

அளவுக்கு ஒரு ஆரம்பம் வேணும்னா இதை வெச்சுக்கோங்க, அப்புறம் உங்க உடம்புக்கு மாத்திக்கோங்க. சமைக்கிற மேடை 90 சென்டிமீட்டர், அம்மா குள்ளம்னா 85. மேடைக்கு அடில விரல் போக 7, 8 சென்டிமீட்டர் உள்வாங்கல். உக்கார்ற சீட் குஷனோட 45, டேபிள் 70ல இருந்து 75. படுக்கை நீளம் 2 மீட்டர், ஒருத்தர் படுக்க தோள் பக்கம் 60, கால் பக்கம் 45 இருந்தாக்கூட போதும், ரெண்டு பேருக்கு 1.4 மீட்டராவது வேணும். கேட்டமரான் டிசைனர் ஜேம்ஸ் வார்ரமோட டிசைன் மாதிரி ஒடுக்கமான ஹல்லா இருந்தா ரெண்டு பேர் பெட் கஷ்டம், அதை முன்னாடியே ஒத்துக்கிட்டு பிளான் பண்ணுங்க, சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

எடைக்கு ஒரு நோட்டு

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு, ஒரு தொங்கு தராசு, ரெண்டையும் ஷெட் வாசல்லயே மாட்டுங்க. உள்ள போற எதுவா இருந்தாலும் எடை போட்டு எழுதிட்டுத்தான் போகணும், வெட்டி வெளிய வர்ற துண்டையும் கழிச்சு எழுதணும். மூணு காலம் போடுங்க, என்ன, எத்தனை கிலோ, நடுவுல இருந்து எத்தனை மீட்டர் முன்னயோ பின்னயோ. எங்க மச்சான் முதல்ல சிரிச்சான், நீ என்ன ரேஷன் கடை நடத்துறியான்னு. ரெண்டாவது மாசத்துல அவனே திருகாணிப் பாக்கெட்டை எடை போட ஆரம்பிச்சுட்டான்.

அந்த மூணாவது காலம் ஏன்னா, ஹல்லோட ரெண்டு முனைலயும் எடை இருந்தா சீ-சா பலகை மாதிரி முன்ன பின்ன ஆடிக்கிட்டே இருக்கும், வேகமும் போயிடும், வயித்தையும் கலக்கும். கனமானது எல்லாம், தண்ணி டேங்க், பேட்டரி, டூல்ஸ், அரிசி மூட்டை, எல்லாம் நடுவுல, கீழ, ரெண்டு ஹல்லுக்கும் சமமா பிரிச்சு. முன் முனைல தலைகாணி, லைஃப் ஜாக்கெட் மாதிரி வெயிட் இல்லாதது மட்டும். அங்க காலி இடம் நிறைய இருக்கும், கண்ணு போகும், போக விடாதீங்க.

எதுல செய்யுறது

18 எம்எம்மை மறந்துடுங்க. ஒரு 8க்கு 4 ஷீட்டோட எடை தோராயமா இப்படி வரும். ஐஎஸ் 710ன்னு இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளை 12 எம்எம் 25 கிலோ, 6 எம்எம் 12ல இருந்து 13. லேசான ஒக்குமே மரத்துல செஞ்ச பிளை 6 எம்எம்னா 8 கிலோ கிட்ட. பிவிசி ஃபோம் ஷீட், கன மீட்டருக்கு 80 கிலோ ரகம், 12 எம்எம் எடுத்து ரெண்டு பக்கமும் சதுர மீட்டருக்கு 300 கிராம் கிளாஸ் துணியை (கண்ணாடி இழைத் துணி) எபாக்ஸில, அதாவது ஹார்டனர் கலந்து போடுற பிசின்ல, ஒட்டுனா 6.5, 7 கிலோல முடிஞ்சுடும், அதே 12 எம்எம் பிளையோட கால் பங்கு. ஆனா ஃபோம் காசு அதிகம். அதனால நாங்க கலந்து அடிச்சோம்: பெரிய பேனல், பெட் பலகை, கதவு எல்லாம் ஃபோம், வளைவு இருக்குற இடமும் சின்ன ஷெல்ஃபும் 6 எம்எம் பிளை. மெல்லிசு பிளை ஆடுமேன்னு பயப்படாதீங்க, பின்னாடி 20க்கு 20 ரீப்பர் ஒண்ணு ஒட்டுனா கிண்ணுன்னு நிக்கும். பிரிச்சுப் போட்ட அதே கிச்சனும் பெட்டும் திரும்பக் கட்டுனப்போ 110 கிலோதான் வந்துச்சு.

கடைக்காரர் சொல்றார்னு பிடபிள்யூஆர் (BWR) பிளை எடுக்காதீங்க, ஐஎஸ் 303ன்னு போட்டிருக்கும், அது வீட்டு கிச்சனுக்கு. ஈரம் பட்டா உப்பிப் பொடியுற பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீங்க. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி போர்டு தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பிளை அளவுக்கே கனம், அதுல நமக்கு லாபம் இல்ல.

அப்புறம் அந்த சன்மைக்கா, அதுக்கும் ஒரு நல்ல வேலை இருக்கு. பளபளன்னு இருக்குற ஷீட் ரெண்டை ஒரு மேசை மேல ஒட்டி, மெழுகு நாலஞ்சு தடவை தேய்ச்சு பாலிஷ் பண்ணிட்டு, அது மேல கிளாஸ் துணியும் எபாக்ஸியும் போட்டு ஃபோமை வெச்சு அமுக்கி விட்டா, மறுநாள் பிரிக்கும்போது அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வரும், பட்டி பார்க்குற வேலையே மிச்சம். மிஸ்திரிக்கு இதைக் காமிச்சப்போதான் அவருக்கும் இந்த வேலை மேல ஒரு இது வந்துச்சு, அதுக்கப்புறம் அவர்தான் எங்களைவிட எடை பார்க்குறார்.

ஒயரும் பைப்பும் மூடுறதுக்கு முன்னாடி

அவசரப்பட்டு சுவரை மூடிடாதீங்க. ஒயர் எங்க போகுது, பைப் எங்க போகுது, நாளைக்கு கெட்டுப்போனா எப்படி எடுப்பீங்க, இந்த மூணுக்கும் பதில் இருக்கணும். எங்க விதி ஒண்ணுதான், கை போகாத இடம் போட்டுல இருக்கக் கூடாது. ஹல்லுல ஓட்டை போட்டு மாட்டுற வால்வு, டெக்ல வர்ற ஒவ்வொரு போல்ட்டோட நட், பில்ஜ்னு சொல்ற, ஹல் அடில தண்ணி தேங்குற பள்ளத்தோட அடிமட்டம், எல்லாத்துக்கும் ஸ்பேனரோட கை போகணும். ஒயர் போற குழாய்க்குள்ள எப்பவும் ஒரு நைலான் நூலை விட்டு வெச்சுடுங்க, நாளைக்கு புது ஒயர் இழுக்க அதுதான் தெய்வம்.

ஒயருக்கு மும்பைல எலக்ட்ரிக் கடைத்தெரு லோஹார் சால் போனா எல்லாம் கிடைக்கும்னு போவீங்க, அங்க எல்லாரும் குடுக்குறது வீட்டு ஒயர். உப்புக் காத்துல சாதா காப்பர் உள்ளுக்குள்ளயே கறுத்துப் போகும், அதனால டின் பூசுன, பல இழை இருக்குற காப்பர் ஒயரா கேட்டு வாங்குங்க, ஸ்டாக் இல்லைன்னா ஆர்டர் குடுங்க. ஒத்தைக் கம்பி ஒயர் அதிர்வுல ஒடிஞ்சுடும். தடிமனும் வீட்டுக் கணக்குல போடாதீங்க. 12 வோல்ட்ல ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப் இழுக்குது, பேட்டரில இருந்து 8 மீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க, போகவும் வரவும் 16 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டா வழிலயே 0.56 வோல்ட் காணாமப் போயிடும், 4 போட்டா 0.35, அதாவது 3 சதவீதத்துக்குள்ள வந்துடும். வீட்ல 230 வோல்ட்ல அரை வோல்ட் போனா யாருக்கும் தெரியாது, இங்க பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தா ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

பேட்டரியோட பாசிட்டிவ் முனைல இருந்து 7 இன்ச்சுக்குள்ள மெயின் ஃப்யூஸ். இதுல பேரமே கிடையாது. லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் பேட்டரி 200 ஆம்ப் ஹவர் 25 கிலோவுக்குள்ள வரும், அதே அளவு லெட் ஆசிட் 60 கிலோ கிட்ட, அதுலயும் பாதிதான் உபயோகிக்க முடியும். எடை நோட்டு வெச்சிருக்குறவங்களுக்கு இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

ஹல்லுல பேனலைப் பொருத்துறது

ஹல் சுவர்ல நேர்கோடே கிடையாது, மூலைமட்டத்தை பைக்குள்ளயே வைங்க. அட்டையை தோராயமா வெட்டி, சுவருக்கு 2 இன்ச் தள்ளி நிறுத்தி, கூர்மையான ஒரு பட்டைக் குச்சியை சுவரைத் தொட்டுத் தொட்டு அட்டை மேல வெச்சு குச்சியோட பின்பக்கத்தை வரைஞ்சுக்கோங்க, பத்துப் பதினஞ்சு இடத்துல. அப்புறம் அந்த அட்டையை பிளை மேல போட்டு அதே குச்சியை அதே கோட்டுல வெச்சா முனை எங்க வருதோ அதுதான் சுவர், புள்ளிகளைச் சேர்த்தா வளைவு வந்துடும். முதல் தடவை நம்பிக்கையே வராது, வெட்டிப் பார்த்தா அப்படியே உக்காரும்.

ஆனா ஹல் தோலை பேனல் விளிம்பு நேரடியா இடிக்கக் கூடாது. அலை அடிக்கும்போது தோல் கொஞ்சம் நெளியும், அந்த ஒரு கோட்டுல மட்டும் நெளிய முடியாம விரிசல் விடும். அதனால ஒரு 8 எம்எம் இடைவெளி விட்டு ஃபோம் பட்டை ஒண்ணைச் சொருகி, ரெண்டு பக்கமும் எபாக்ஸி பேஸ்ட்டால மூலையை வளைவா நிரப்பி, அது மேல 2, 3 இன்ச் கிளாஸ் டேப் ஒட்டணும். பேஸ்ட்டுக்கு, பலம் வேணுங்கிற இடத்துல சிலிக்கா பவுடர், சும்மா மூலையை நிரப்ப மைக்ரோ பலூன்னு ஒரு பவுடர், அது லேசா இருக்கும், தேய்க்கவும் சுலபம். வளைவு இழுக்க பழைய ஏடிஎம் கார்டு மூலையை ரவுண்டா வெட்டுனா போதும்.

ஃபோம் பேனல்ல ஸ்க்ரூவை நேரா அடிச்சா ரெண்டு மாசத்துல கழண்டு கைல வரும். 5 எம்எம் ஸ்க்ரூன்னா 10 எம்எம் ஓட்டை போட்டு, சிலிக்கா கலந்த எபாக்ஸியால அடைச்சு, காய்ஞ்சதும் நடுவுல திரும்ப துளை போட்டு முடுக்குங்க. பிளைவுட்டோட வெட்டுன விளிம்பு எல்லாத்துக்கும் மூணு கோட் எபாக்ஸி, தண்ணி குடிக்கிறது அந்த வழியாத்தான்.

மும்பை வெயிலும் மழையும் எபாக்ஸிக்கு ஒரு தலைவலி. மே மாசம் மத்தியானம் டப்பால கலக்கி அப்படியே வெச்சுட்டு டீ குடிக்கப் போனா திரும்பி வரும்போது டப்பா புகையும். ஸ்லோ ஹார்டனர் வாங்குங்க, கலக்குனதும் அகலமான தட்டுல ஊத்திடுங்க, காலைல 6ல இருந்து 9 வரைக்கும்தான் ஒட்டுற வேலை. மழைக்காலத்துல ஈரப்பதத்தால மேல பிசுபிசுன்னு மெழுகு மாதிரி ஒரு படலம் நிக்கும், அதைத் தேய்ச்சா போகாது, இன்னும் உள்ள இழையும். முதல்ல தண்ணியும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிட்டு, காய்ஞ்சப்புறம் தேய்ச்சு, அப்புறம்தான் அடுத்த கோட். இல்லைன்னா ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. எங்க ஊர் கோலி மீனவங்க ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம்னு போட்டைக் கரையேத்திடுவாங்கல்ல, நாங்களும் அதே ரெண்டு மாசம் எபாக்ஸிக்கு லீவு விட்டுட்டு ஒயரிங்கும் தையலும் பார்த்தோம்.

கைல கிளவுஸ் இல்லாம எபாக்ஸி தொடாதீங்க, பட்டுச்சுன்னா தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, அது தோலுக்குள்ள கொண்டு போய் விட்டுடும், சோப்புதான். மச்சான் கேக்கல. ஏழாவது மாசம் கை, கழுத்தெல்லாம் தடிச்சு அரிப்பு, இப்போ ஷெட்டுக்குள்ள எபாக்ஸி டப்பா திறந்தாலே அவனுக்கு ஆகாது, ஒருதடவை அலர்ஜி பிடிச்சா பிடிச்சதுதான்.

கிச்சன், கேஸ்

வீட்ல இருக்குற 14.2 கிலோ சிலிண்டரை உள்ள தூக்கி வைக்கிற யோசனை இருந்தா இப்போவே விட்டுடுங்க. எல்பிஜி காத்தைவிட கனம், கசிஞ்சா கீழ இறங்கி பில்ஜ்ல தேங்கி நிக்கும், ஜன்னலைத் திறந்தா போகாது, ஒரு பம்ப் ஸ்விட்ச் பொறி போதும். சிலிண்டருக்கு டெக்ல இருந்து மட்டும் திறக்குற, உள்பக்கம் முழுசா சீல் பண்ண தனி பெட்டி வேணும், அதோட அடில இருந்து வெளிய வடியுற ஓட்டை. கேட்டமரான்ல இது ரொம்ப ஈஸி, பிரிட்ஜ்டெக்ல பெட்டி வெச்சா ஓட்டை நேரா கீழ வெட்டவெளிக்குப் போயிடும். 5 கிலோ சின்ன சிலிண்டர் ரெண்டு போதும், ஒண்ணு காலியானா மாத்திக்கலாம். கேஸ் அலாரம் சென்சாரை தரை ஓரமா மாட்டுங்க, கூரைல இல்ல.

இண்டக்ஷன் போடலாமேன்னு கேப்பீங்க. 2000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரில இருந்து, இன்வெர்ட்டர் நஷ்டத்தோட, 185 ஆம்ப் கிட்ட இழுக்கும், விரல் தடிமன் கேபிள் வேணும். 48 வோல்ட் சிஸ்டம்னா 46 ஆம்ப்ல முடிஞ்சுடும். ஆரம்பத்துலயே முடிவு பண்ணணும், பாதில மாத்துறது நரகம்.

ஷெல்ஃப், மேடை விளிம்புல எல்லாம் 20, 25 எம்எம் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை ஒட்டுங்க. கேட்டமரான் அவ்ளோ சாயாது, அதனால இது போதும். கதவுக்கு காந்தம் வேணாம், ஒரு அலைல மொத்த டப்பாவும் தரைல இருக்கும், அமுக்கித் திறக்குற லாட்ச் போடுங்க. கடல் தண்ணிக்குன்னு ஒரு தனி குழாய், கால்ல மிதிக்கிற பம்ப்போட வெச்சா பாத்திரத்துக்கு நல்ல தண்ணி மிச்சம், ஆனா மும்பை ஹார்பர் தண்ணில பாத்திரம் கழுவிடாதீங்க, தெற்கே முருட் ஊர் பக்கம் போனதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.

டாய்லெட்

நான் சொல்றது கம்போஸ்ட் டாய்லெட். மும்பை க்ரீக்ல தண்ணி வத்துனா போட் சேத்துல உக்காரும், கேட்டமரானுக்கு அது சுகம்தான், ஆனா கடல் தண்ணி இழுக்குற டாய்லெட் அந்த நேரத்துல வேலை செய்யாது, சேத்தை இழுத்து பம்ப்பும் அடைச்சுக்கும். கம்போஸ்ட்ல ஹல்லுல ஓட்டையே வேணாம். மூத்திரத்தைத் தனியா பிரிக்கணும், அதுதான் சூட்சுமம், ரெண்டும் கலந்தாத்தான் நாத்தம். மத்ததுக்கு தேங்கா நார்த்தூள், நர்சரில செங்கல் மாதிரி கட்டியா விக்கிறாங்கல்ல அதேதான், கூட ஒரு சின்ன ஃபேன் காத்தை வெளிய இழுக்க. குளியலுக்கு அதே அறைல மோரி மாதிரி தரையை முழுசா கிளாஸ் போட்டு ஒரே தொட்டியா பண்ணிட்டு, தண்ணி ஒரு மூலைக்கு ஓடுற மாதிரி சாய்வு குடுத்து, அங்க இருந்து பம்ப்.

காத்து, பூஞ்சை, மெத்தை

குளிர் நாட்டுக்காரங்க எழுதுறதுல எல்லாம் ஹீட்டர் பத்தி இருக்கும், நமக்கு அது வேணாம், நமக்கு வேண்டியது காத்து. முன்பக்கம் பார்த்துத் திறக்குற ஹேட்ச், அதாவது மூடி போட்ட திறப்பு, ஒவ்வொரு ஹல்லுக்கும் ஒண்ணாவது, படுக்கைக்கு மேல ஒரு 12 வோல்ட் ஃபேன். அலமாரிக் கதவுக்கு பலகையே வேணாம்னு ஒரு கட்டத்துல முடிவு பண்ணோம், சட்டம் மட்டும் போட்டு, நாற்காலில பின்னுவாங்கல்ல பிரம்பு வலை, அதை இழுத்துக் கட்டுனோம். எடையும் இல்ல, துணில பூஞ்சையும் இல்ல, பார்க்கவும் தாத்தா காலத்து வீடு மாதிரி ஒரு அழகு.

மெத்தைக்கு அடில முழுப் பலகை வெச்சா வேர்வை தேங்கி ஒரே மாசத்துல கறுப்பு புள்ளி வந்துடும், 2 சென்டிமீட்டர் இடைவெளில பட்டைக் கட்டை அடிங்க. கயிறு நார் மெத்தை வேணாம், கனம், ஈரமும் புடிக்கும். 40 டென்சிட்டி ஃபோம் 4 இன்ச் போதும், ரெண்டு பேர் மெத்தை 12 கிலோல வரும். உறைக்கு ரெக்ஸின் போட்டா துடைக்க ஈஸின்னு கடைல சொல்லுவாங்க, மே மாச ராத்திரி அது முதுகோட ஒட்டிக்கிட்டு வரும்.

ஒண்ணு மறக்கக் கூடாதது, ஹல்லுல தப்பிச்சு வெளிய வர ஒரு ஹேட்ச் டிசைன்ல இருந்தா அதுக்கு முன்னாடி எதையும் கட்டாதீங்க. கேட்டமரான் கவுந்தா திரும்ப தானா நிமிராது, அப்போ அந்த வழிதான் கதவு. எங்க பிளான்ல அங்க ஷூ ராக் வந்துச்சு, நல்லவேளை அட்டைலயே பார்த்துட்டோம்.

தண்ணில இறக்குனதும்

பெயிண்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, உள்ள வெள்ளை, மெல்லிசா ரெண்டு கோட், எல்லா மூலையும் ரவுண்டு. ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற டூ-பேக் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கறதா இருந்தா துணி மாஸ்க் பத்தாது, அதுல இருக்குற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது.

இறக்குறதுக்கு முன்னாடி தண்ணிக்கோட்டுக்கு மேல ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சின்ன கோடு, நாலு முனைலயும் போட்டு வைங்க. காலியா ஒரு தடவை படிச்சு எழுதுங்க, தண்ணி ரொப்பி ஒரு தடவை, சாமான் ஏத்தி ஒரு தடவை. நோட்டுல இருக்குற கிலோவும் கோடு சொல்ற கிலோவும் பொருந்தணும், எங்களுக்கு 60 கிலோ வித்தியாசம் வந்துச்சு, தேடுனா பெயிண்டும் பட்டியும் யாரும் எழுதல. வலது ஹல் பின்பக்கம் 1 சென்டிமீட்டர் கூடுதலா இறங்கியிருந்துச்சு. டூல் பெட்டியை முன்னாடி நகர்த்தியும் சரியாகல, அப்புறம் பார்த்தா பெட்டுக்கு அடில துணி சுத்தி அம்மாவோட கிரைண்டர், 11 கிலோ, பக்கத்துலயே இட்லி அரிசி 25 கிலோ, உளுந்து 10. நோட்டுல ஏத்திட்டோம், மூணையும் நடு பல்க்ஹெட் (குறுக்குச் சுவர்) பக்கம் தரையோட தரையா பெல்ட் போட்டு கட்டிட்டோம். கிரைண்டர் 150 வாட்தான், இன்வெர்ட்டர்ல ஓடுது.